பள்ளிப் பந்தியும் பானைத் தண்ணீரும்

நம் சங்கத்தின் இவ்வெளியீட்டில் கல்வியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பாடநூலைப் பற்றியும், தேர்வைப் பற்றியும், உதவித்தொகையைப் பற்றியும் எழுதுவர். யாம் இம்முறை எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் சிறிதாகத் தோன்றுவது. தொடக்கப்பள்ளியிற் பயிலும் சிறார் ஆண்டு உண்பது யாது, பருகுவது யாது, எவருடன் அமர்ந்து உண்கின்றனர், எவர் கையால் நீர் பெறுகின்றனர் என்பதே அப்பொருள்.

கேள்வியின் சிறப்பைப் பாடிய வள்ளுவனார் செவியின் உணவிற்கு முதலிடமும், வயிற்றின் உணவிற்கு அதன் பின்னிடமும் வகுத்தனர். அஃது அறிவு முதிர்ந்தார்க்கு உரைத்தது. ஐந்தாண்டு நிரம்பிய குழவிக்கு அம்முறை பொருந்தாது. காலையில் ஒன்றும் உண்ணாது வந்த சிறுவன் பத்து மணிக்கெல்லாம் பலகைமீது தலை சாய்ப்பதை ஆசிரியர் யாவரும் கண்டிருப்பர். அவனுக்கு முதலில் வயிறு, பின்னரே செவி. இவ்வுண்மையை நம் நாடு எவ்வாறு சிறிது சிறிதாக உணர்ந்தது என்பதும், உணர்ந்த பின்னும் எவ்விடத்தில் இடறி நிற்கின்றது என்பதும் நாம் அறியத்தக்கன.

பண்டை நாளில்

கற்போர்க்குச் சோறிடும் வழக்கம் தமிழகத்திற்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியம் அமுதசுரபி என்னும் வற்றாப் பாத்திரத்தைப் பாடிப் பசி தீர்த்தலை அறங்களுள் தலையாயதாக வைத்தது. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் என்னும் ஊரில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. ஆங்கிருந்த கல்விச்சாலையில் 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் இருந்தனர் என்பதும், இளைய மாணாக்கர் 270 பேருள் ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு 6 நாழி நெல்லும், மேனிலை மாணாக்கர் 70 பேருள் ஒவ்வொருவர்க்கும் ஒரு குறுணி இரு நாழி நெல்லும் அளக்கப்பட்டன என்பதும் அதனால் விளங்கும். பள்ளியில் உண்ணும் பிள்ளைக்கு இத்துணை நெல் என்று கல்லிற் பொறித்து வைத்த நாடு இது. படிக்குந்தோறும் பெருமிதம் தோன்றுகின்றது.

ஆயினும் வரலாற்றைப் படிப்போர் பெருமிதத்தோடு நின்றுவிடல் ஆகாது. அந்நெல்லைப் பெற்று உண்டவர் யாவர்? வேதமும் சாத்திரமும் பயிலும் உரிமை பெற்ற ஒரு சாரார் மட்டுமே. ஏரோட்டுவோர் மக்களும், தறி நெய்வோர் மக்களும், நம்மனோர் மக்களும் அப்பந்தியில் அமர்ந்தாரல்லர். சோறு இருந்தது, அழைப்பு இல்லை. பள்ளிச் சோற்றின் வரலாற்றில் தொடக்க முதலே இவ்விரண்டு வினாக்களும் பின்னிக் கிடக்கின்றன. சோறு உண்டா என்பது ஒன்று. பந்தியில் யார் அமர்வது என்பது மற்றொன்று.

பிற்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் இவ்வினா வேறு வகையால் மறைந்திருந்தது. விடியற்காலையிலேயே பிள்ளைகள் திண்ணைக்கு வந்துவிடுவர். வெயில் ஏறியதும் வீடு சென்று பழையது உண்டு மீள்வர். நண்பகலில் மீண்டும் வீடு செல்வர். பள்ளி அவரவர் தெருவிலேயே இருந்தமையின் உணவு வீட்டின் பொறுப்பாகவே நின்றது. ஆசிரியரே ஊரார் அளக்கும் நெல்லில் உண்டு வாழ்ந்தார். மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடியும் பள்ளி வந்த பின்னரே, பிள்ளைகள் தொலைவிலிருந்து வந்து பொழுது முழுதும் ஓரிடத்தில் அடைந்திருக்கும் நிலை ஏற்பட்டது. நண்பகற் பசி அப்பொழுதுதான் பள்ளிக்குள் வந்து அமர்ந்தது. கூழ் கொண்டுவர இயலாத பிள்ளை நண்பகலில் வீடு சென்றால், மாலையில் திரும்புவதில்லை. இதனை வருகைப் பதிவேடுகள் காட்டின. காரணத்தை எழுதுவதற்கு அவற்றில் கட்டம் இல்லை.

ஓரணாச் சிற்றுண்டி

காரணத்தைக் கண்டு கருவி செய்தது சென்னை நகராண்மை. 1920-ஆம் ஆண்டில், சர் பிட்டி தியாகராயச் செட்டியார் அதன் தலைவராக விளங்கிய காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியின் மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்க மன்றம் ஒப்புதல் அளித்தது. மாணவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஓரணாவிற்கு மேற்படாத செலவு என வரையறுத்தனர். பிள்ளைகள் வறியர், அவ்வறுமையே பள்ளியின் மாணவர் தொகையைக் குறைக்கின்றது என்பது அன்று கூறப்பட்ட காரணம். பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் அச்சிற்றுண்டி பரவிற்று. அவ்வைந்து பள்ளிகளின் மாணவர் தொகை 1922-23-இல் 811 ஆக இருந்து, 1924-25-இல் 1,671 ஆக உயர்ந்தது. ஈராண்டில் இரு மடங்கு! பாடத்திட்டம் மாறிற்றில்லை, ஆசிரியர் மாறினாரல்லர், ஓரணாச் சிற்றுண்டி ஒன்றே புதிதாக வந்தது.

இப்பயனைக் கண்ட பின்னும், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்தல் ஆகாதென அன்றைய அரசு தடுத்தமையின் 1925 ஏப்ரல் முதல் சிற்றுண்டி நின்றது. பலரும் வற்புறுத்திய பின்னரே வறிய மாணவர் 1,000 பேர்க்கு அது மீண்டும் உயிர் பெற்றது. கல்விக்கென வைத்த பணத்தைச் சோற்றுக்குச் செலவிடலாமா என்ற வினா அன்று தோன்றியது; பின்னரும் பல்லாண்டுகள் அது வேறு வேறு வாய்களிலிருந்து பிறந்துகொண்டே இருந்தது. அதற்கு 811 என்பதும் 1,671 என்பதுமே போதிய விடை.

சேரன்மாதேவியில் நிகழ்ந்தது

சென்னையில் சோற்றுக்கு வழி தேடிய அதே ஆண்டுகளில், தெற்கே பொருநைக் கரையில் பந்தியைப் பற்றிய வினா வெடித்தெழுந்தது. நாட்டுப்பற்றிற் சிறந்தவரும் திருக்குறளை ஆங்கிலத்தில் ஆக்கியவருமாகிய வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் குருகுலம் ஒன்றை நடத்தி வந்தார். நாட்டுத் தொண்டிற்குரிய இளைஞரை உருவாக்குதல் அதன் நோக்கம். சாதி பலவற்றைச் சேர்ந்தோரும் பொருள் வழங்கினர். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டியும் 10,000 ரூபாய் தருவதாக ஒப்பி, 5,000 ரூபாயை முதலில் அளித்தது. அக்குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவு பரிமாறப்படுகின்றது என்ற செய்தி 1924-இல் வெளிப்போந்தது.

இருவர்தாமே, அவர்தம் பெற்றோர் விருப்பந்தானே, இதற்கு இத்துணைக் கிளர்ச்சி வேண்டுமா என்று அன்று கேட்டார் பலர். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், ஈ. வெ. ராமசாமி நாயக்கரும் அவ்வாறு கருதினாரல்லர். பொதுப் பணத்தில் நடைபெறும் பள்ளியில் தனி இலை போடலாகாது என்று அவர்கள் எழுதியும் பேசியும் வந்தனர். காந்தியடிகளும் இதில் தலையிட நேர்ந்தது. 1925-இல் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டி, தேசியப் பணியில் ஈடுபட்ட நிலையங்களில் பிறப்பினால் உயர்வு தாழ்வு காட்டுதல் கூடாதெனத் தீர்மானம் நிறைவேற்றிற்று. ஐயர் பொறுப்பினின்று விலகினார். அவ்வாண்டிலேயே பாபநாசத்து அருவியில் வீழ்ந்த தம் மகளைக் காக்க முற்பட்டுத் தாமும் உயிர் நீத்தார். அவர்தம் தியாகத்தை நாம் குறைத்துரைக்கவில்லை. அத்துணைப் பெரியார் ஒருவரும் இரண்டு இலைகளைப் பிரித்துப் போடுவதற்கு இசைய நேர்ந்தது என்றால், அவ்வழக்கத்தின் வலிமை எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம்.

தண்ணீரின் வழக்கு

சோற்றினும் நுண்ணியது தண்ணீர். டாக்டர் அம்பேத்கர் சதாரா நகரில் சிறுவராய்ப் பயின்ற காலத்தைத் தாமே எழுதி வைத்துள்ளார். வகுப்பில் அவர் அமர்வதற்கு வீட்டிலிருந்து தனிச் சாக்குத் துண்டு கொண்டு செல்வார். விடாய் எடுத்தால் ஏனைய சிறுவர் தாமே குழாயைத் திறந்து பருகுவர்; அவரோ குழாயைத் தொடலாகாது. பள்ளியின் ஏவலாள் வந்து திறந்துவிடல் வேண்டும். ஏவலாள் வாராத நாளில் அவருக்குத் தண்ணீர் இல்லை. அச்சிறுவர் வளர்ந்து 1927-இல் மகாட் நகரத்துப் பொதுக்குளத்தில் இறங்கித் தம் மக்களோடு நீர் பருகியதை உலகம் அறியும். பள்ளிக் குழாயண்டை நின்ற சிறுவனின் விடாயே அக்குளம் வரை அவரை நடத்திச் சென்றது என்று கூறினும் பொருந்தும்.

நம் மாகாணத்தில் எம். சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1938-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டுப் பொது இடங்களில் இத்தகைய தடைகள் விலக்கப்பட்டன. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதனைக் குற்றமாக்கும் சட்டமும் வந்தது. ஆயினும் ஊர்ப்புறத்துப் பள்ளிப் பானையருகே அச்சட்டங்கள் எவ்வளவு தொலைவு சென்றன என்பதற்கு யாமே சான்றாக நிற்க நேர்ந்ததைப் பின்னே கூறுவோம்.

பிடியரிசியும் எட்டயபுரமும்

சங்கங்களால் ஆகத்தக்கது யாது என்பதற்கு விருதுநகர் நல்ல சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூர் நாடார் சமூகத்தார் சத்திரிய வித்தியாசாலையைத் தோற்றுவித்தனர். வீடுதோறும் நாள்தோறும் உலையிலிடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்து, அதனைத் திரட்டி விற்றுப் பள்ளிக்கு ஆக்கினர். பிடியரிசியால் நடைபெற்ற அப்பள்ளியிற் பயின்ற சிறுவருள் ஒருவரே 1954-இல் நம் மாநிலத்தின் முதலமைச்சர் ஆகிய காமராசர். தம் வயிற்றுக்குரிய அரிசியில் ஒரு பிடியைப் பிறர் பிள்ளை படிக்க ஈந்த ஊரில் வளர்ந்தவர், பிள்ளையின் வயிற்றுக்கே அரிசி தேடியது இயல்பேயாம்.

அவரைப் பற்றி வழங்கும் செவிவழிச் செய்தியொன்றை அன்பர் பலரும் அறிவர். சேரன்மாதேவிப் பக்கத்தில் இருப்புப்பாதையருகே வண்டி நின்றபொழுது, ஆடு மாடு மேய்த்த சிறுவன் ஒருவனைப் பார்த்து, ஏன் பள்ளிக்குச் செல்லவில்லை என்று முதலமைச்சர் வினவினாராம். சென்றால் சோறு யார் போடுவார் என்று அவன் திருப்பி வினவினானாம். தனி இலை போட்ட ஊரின் பெயரையே இக்கதையும் தாங்கி வருதல் வியப்புக்குரியது.

1956-இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் பகலுணவுத் திட்டத்தைக் காமராசர் தொடங்கி வைத்தார். அந்நாளில் கல்வித்துறையின் தலைவராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊர் ஊராகச் சென்று பொதுமக்களின் உதவியைத் திரட்டினார். செலவில் ஒரு பங்கை அரசும், எஞ்சியதை ஊராரும் ஏற்பது அன்றைய ஏற்பாடு. அரிசியும் பருப்பும் விறகும் காய்கறியும் ஊராரே கொணர்ந்தனர். 1961 முதல் கேர் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால்பொடி முதலியவற்றை அளித்து வந்தது. இன்று அறுபது எழுபது ஆண்டு நிரம்பிய நம் உறுப்பினர் பலர்க்கு அப்பாலின் மணமும் கோதுமை உப்புமாவின் சுவையும் மறந்திரா.

சத்துணவும் எம் தூக்குவாளியும்

1982 சூலை 1-ஆம் நாள் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இளமையில் பசியை அறிந்தவர் அவர். அதனைத் தாமே பலமுறை கூறியுள்ளார். முதலில் ஊர்ப்புறத்தில் இரண்டு முதல் ஒன்பது வயது வரையிலான குழந்தைகட்கும், அவ்வாண்டு செப்டம்பர் 15 முதல் நகர்ப்புறத்தினர்க்கும், 1984-இல் பதினைந்து வயது வரையினர்க்கும் அது விரிந்தது. இத்துணைச் செலவு தாங்குமா என்று கணக்கறிந்தோர் ஐயுற்றனர். திட்டம் தாங்கிற்று, அதன் பின் வந்த அரசுகள் யாவும் அதனைக் குறைக்கவில்லை, வளர்த்தன. 1989-இல் முதலமைச்சர் கருணாநிதி இரு வாரத்திற்கு ஒரு முட்டை சேர்த்தார். அதுவே 1998-இல் வாரத்திற்கு ஒன்றாகி, 2010-இல் வாரத்திற்கு ஐந்தாயிற்று. முட்டை உண்ணாதார்க்கு வாழைப்பழம் வழங்கப்பட்டது.

யாம் தொடக்கப்பள்ளியிற் பயின்றது அக்காலத்தில்தான். எம் வீட்டில் பள்ளிச் சோறு உண்ணல் ஆகாது என்பது கட்டளை. வறுமை இல்லாமை அதற்குக் காரணமன்று. வறுமை எம் வீட்டிலும் இருந்தது. சமைப்பவர் இன்ன தெருவினர் என்பதே காரணம். ஆதலின் தூக்குவாளியில் பழையதும் ஊறுகாயும் கொண்டு சென்று வேம்பின் அடியில் அமர்ந்து உண்போம். 1989-இல் முட்டை வந்தது. முட்டை வந்த நாளில் மட்டும் எம் குலப்பெருமை சற்று இளகிற்று. "ஓட்டுக்குள்ள இருக்கிறதை யார் தொட்டா என்னடா, வாங்கித் தின்னு," என்றார் எம் அப்பத்தா. ஓடு உடைபடாதவரை தீட்டு இல்லை என்பது அவர் கண்ட சாத்திரம். அன்று அதனை நியாயமென்றே கருதி வாங்கி உண்டோம்.

அதனினும் கூறற்கரியது ஒன்று உண்டு. எம் பள்ளித் தாழ்வாரத்தில் மண்பானை ஒன்றில் குடிநீர் இருந்தது. நீர் மொண்டு கொடுப்பதற்கு மேல்வகுப்புச் சிறுவருள் ஒருவரை ஆசிரியர் அமர்த்துவார். அவர் எப்பொழுதும் எம் தெருவினராகவே இருப்பார். எம் தெருச் சிறுவர்க்குக் குவளையில் நீர் கொடுக்கப்படும். காலனிச் சிறுவரோ குனிந்து இரு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொள்வர். அக்கையில் உயரத்திலிருந்து நீர் ஊற்றப்படும். நான்காம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் அந்நீரை ஊற்றியவர் யாமே. எவரும் எமக்கு இவ்வாறு செய்க என்று கற்பித்தாரல்லர். எமக்கு முன் ஊற்றியவனைப் பார்த்துக் கற்றோம். கையினின்று வழிந்த நீர் அவர்தம் சட்டையை நனைக்கும். பக்கத்துப் பலகையில் அமர்ந்து எமக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த நண்பனுக்கும் அவ்வாறே ஊற்றினோம். அவன் அதனை எம்மிடம் ஒருநாளும் கேட்டதில்லை. யாமும் அவனிடம் இந்நாள்வரை பேசியதில்லை. சதாராவில் நிகழ்ந்ததைப் பின்னாளில் நூலிற் படித்தபொழுது, அச்சிறுவர் நிலையில் அன்று, ஏவலாள் நிலையில் எம்மைக் கண்டோம். இதனை எழுதுவதற்கு நாணுகின்றோம். ஆயினும் நம்மவர் படிக்கும் ஏட்டில் எழுதாது வேறு எங்கு எழுதுவது?

அண்மைக் காலத்தில்

2001 நவம்பர் 28-ஆம் நாள் உச்சநீதிமன்றம், நாடெங்கும் அரசு தொடக்கப்பள்ளிகளில் சமைத்த உணவு வழங்கல் வேண்டுமென ஆணையிட்டது. தமிழகம் பன்னெடு நாளாகச் செய்ததை நாடு முழுதும் செய்யத் தொடங்கிற்று. 2004-இல் அந்நீதிமன்றமே, சமையற் பணியாளரை அமர்த்துங்கால் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் முன்னுரிமை தருக என்று பணித்தது. சோற்றின் வினாவையும் பந்தியின் வினாவையும் ஒருங்கே எதிர்கொண்ட ஆணை இஃது.

2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் காலைச் சிற்றுண்டித் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டு 25-ஆம் நாள் திருக்குவளையில் தொடங்கிய விரிவாக்கத்தால் அரசு தொடக்கப்பள்ளிகள் யாவும் அதனுள் வந்தன. 2024-இல் ஊர்ப்புறத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025-இல் நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது எய்திற்று. உப்புமா, கிச்சடி, பொங்கல், அவற்றிற்குக் காய்கறிச் சாம்பார் எனக் கிழமைதோறும் உணவு வகுக்கப்பட்டது. 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியொன்றில் ஓரணாவில் தொடங்கிய சிற்றுண்டி, நூறாண்டு கடந்து மாநிலம் முழுதும் பரவியதைக் காண்கின்றோம்.

சோற்றின் வினா ஏறத்தாழத் தீர்ந்தது என்னலாம். பந்தியின் வினா தீர்ந்ததா? 2023 செப்டம்பரில் எட்டயபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், தொடக்கப்பள்ளிச் சிறார் பெரும்பாலோர் காலையுணவை உண்ணாது விட்டனர். சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண்மணி என்பதே காரணமெனச் செய்தித்தாள்கள் எழுதின; ஊரார் சிலர் வேறு காரணம் கூறினர். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் மாவட்ட ஆட்சியரும் சென்று குழந்தைகளோடு அமர்ந்து உண்ட பின்னரே நிலை சீர்பட்டது. அவ்வூர் எட்டயபுரத்திற்கு எத்துணை அருகில் உளது என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் கனக்கின்றது. சாதிகள் இல்லை என்று குழந்தைக்குப் பாடிய கவி பிறந்த மண் அது. காமராசர் முதற் பந்தியைத் தொடங்கிய மண் அது.

நாம் செய்யத்தக்கன

இச்செய்தியைப் படித்துவிட்டு, அவ்வூரார் அறியாமை என்று நகைத்து ஏட்டை மூடிவிடல் எளிது. யாம் இன்று பணியாற்றும் பள்ளியிலும் சம்படம் கொண்டு வரும் பிள்ளைகள் சிலர் உளர். அவருள் நம்மவர் பிள்ளைகளும் உளர். வீட்டுணவு சுவையானது என்று தாய் கட்டிக் கொடுத்தால் அதில் குற்றமில்லை. நோயுற்ற பிள்ளைக்குத் தனியுணவு வேண்டுமாயினும் குற்றமில்லை. ஆயின் "பள்ளியில் வாயில் வைக்காதே" என்ற சொல்லோடு கட்டிக் கொடுக்கப்படும் சம்படத்தை ஆசிரியர் அறிவர், பிள்ளையும் அறியும், அருகில் அமர்ந்து உண்ணும் பிள்ளையும் அறியும். எமக்கு எவரும் கற்பிக்காமலே யாம் நீரூற்றக் கற்றது போல, நம் பிள்ளைகளும் அச்சம்படத்திலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்வர்.

ஆதலின் சங்கத்து அன்பர்கட்கும் அவர்தம் இல்லத்துத் தாய்மார்கட்கும் யாம் மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம்.

முதலாவது, நம் பிள்ளைகளைப் பள்ளிப் பந்தியில் அமரச் செய்க. வீட்டுணவு கொடுத்தனுப்பினும் அதே வரிசையில் அமர்ந்து உண்ணப் பணிக்க. பள்ளிக் குவளையிலேயே நீர் பருகுக என்று கூறுக.

இரண்டாவது, உணவைப் பற்றிக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. அதனை உரிய இடத்திற் கேட்போம். அரிசி புழுத்திருந்தால் கேட்போம். பருப்பு நீர்த்திருந்தால் கேட்போம். குடிநீர்த் தொட்டி கழுவப்படுகின்றதா, சமையற்கூடம் காப்பானதா என்று பார்ப்போம். 2004 சூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கூடத்துக் கீற்றுக்கூரையிற் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டதை நாம் மறக்கலாமா? பெற்றோர் நோக்கத்தக்கது அடுப்பும் கூரையும் அரிசியும் நீருமே. சமைப்பவர் எத்தெருவினர் என்று நோக்கி மனு எழுதுவோர் எவரேனும் நம் சங்கத்தின் பெயரைப் பயன்படுத்த முற்பட்டால், செயற்குழு அதனை ஏற்கலாகாது.

மூன்றாவது, நம் சங்கம் ஆண்டுதோறும் நம் மாணவர்க்குப் பரிசும் உதவித்தொகையும் வழங்குகின்றது, நன்று. அதனோடு நம்மவர் வாழும் ஊர்களில் தொடக்கப்பள்ளி ஒவ்வொன்றிற்கும், அங்குப் பயிலும் எல்லாப் பிள்ளைகட்கும் ஆகுமாறு, தட்டுகளும் குவளைகளும் நீர் தூய்மை செய்யும் பொறியும் அளிக்கலாம். விருதுநகரத்தார் பிடியரிசி கொண்டு பள்ளி எழுப்பினர். நாம் குவளை கொண்டேனும் தொடங்குவோம். அக்குவளையில் சங்கத்தின் பெயரைப் பொறித்தல் வேண்டா. எப்பிள்ளையும் எடுத்துப் பருகட்டும்.

சங்கம் எதற்காகக் கூட்டப்பட்டது? நம் முன்னோர்க்குக் கல்வி மறுக்கப்பட்டமையாலும், பொது இடங்களில் அவர் தாழ்த்தப்பட்டமையாலுமே கூட்டப்பட்டது. எண்ணாயிரத்துப் பந்தியில் நமக்கு இலை போடப்படவில்லை என்பதை நினைந்து வருந்துகின்ற நாம், இன்றைப் பள்ளியில் மற்றொருவர் இலையைத் தள்ளிப் போடுதல் எவ்வாறு தகும்? நம் சமூகம் உயர்தலாவது, நம் பிள்ளை எவர் அருகிலும் கூசாது அமர்தலும், எவரும் நம் பிள்ளை அருகில் கூசாது அமர்தலுமேயாகும்.

எமக்கு நாற்பது கடந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பில் எம்மோடு பயின்ற அந்நண்பனின் மகள் இவ்வாண்டு எம் பள்ளியில் மூன்றாம் வகுப்பிற் பயில்கின்றாள். நண்பகல் மணி அடித்ததும் தட்டோடு ஓடி வந்து வரிசையில் அமர்கின்றாள். உண்ட பின் குழாயைத் தானே திறந்து குவளை நிரம்பப் பிடித்துப் பருகுகின்றாள். அக்குழாயண்டை எவரும் நின்று ஊற்றுவதில்லை. இவ்வளவேனும் மாறியிருப்பது கண்டு மகிழ்கின்றோம். நம் பிள்ளைகளும் அவ்வரிசையில் அவளோடு அமர்ந்து உண்டால் எம் மகிழ்ச்சி நிறைவுறும். அன்பர்கள் ஆவன செய்வார்களாக.

வாழ்க நம் சிறார்! வளர்க கல்வி!